தளப்பொருளின் செறிவு நொதியின் வேகத்தை எப்படி மாற்றுகிறது: அளந்து, வரைந்து, விளக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

தளப்பொருளின் (நொதி செயல்படும் பொருளின்) செறிவு கூடக் கூட, வினையை விரைவுபடுத்தும் நொதியின் வேகம் கூடும், பிறகு ஓரிடத்தில் சமனாகிவிடும். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவரும் தொடக்கக் கல்லூரி மாணவரும் இந்த வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்லிவிடுவார்கள். அந்த வளைகோட்டைத் தாங்களே அளந்து வரைய வேண்டும் என்றதும் திணறுகிறார்கள். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இந்த ஆய்வைச் செய்ய உதவி வருகிறேன். பெரும்பாலான தடுமாற்றங்கள் ஒரே வேரிலிருந்துதான் கிளைக்கின்றன.

குடுவையின் மேல் நீங்கள் எழுதி ஒட்டும் செறிவு, நொதி கலந்த முதல் கணத்தில் மட்டுமே உண்மை. அடுத்த நொடியிலிருந்து தளப்பொருள் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே, அந்த எண் இன்னும் பொய்யாகாத நேரத்துக்குள் வேகத்தை அளந்துவிட வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசையும் அளவுகளும் பெரும்பாலும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறந்தவை.

1. எந்த நொதி, எதை அளப்பது

உருளைக்கிழங்கில் உள்ள கேட்டலேஸ் நொதியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் எடுத்துக்கொள்ளுங்கள். நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைக்கிறது. ஆக்சிஜன் வாயு என்பதால் அது தோன்றத் தோன்ற அளக்கலாம். வினை நடக்கும்போதே விளைபொருளை அளக்க முடிவதுதான் இந்தத் தேர்வுக்கு முதன்மைக் காரணம்.

பலர் அமைலேஸ் (மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி), மாவுச்சத்து, அயோடின் (மாவுச்சத்தோடு நீல நிறம் தருவது) ஆகிய மூன்றையும் கொண்டு இதே ஆய்வைத் திட்டமிடுகிறார்கள். நீல நிறம் மறைய எடுக்கும் நேரத்தை அளந்து, ஒன்றை அந்த நேரத்தால் வகுத்து வேகம் என்று எழுதுகிறார்கள். வெப்பநிலையை மாற்றும் ஆய்வுக்கு இந்த முறை பொருந்தும். செறிவை மாற்றும் ஆய்வுக்குப் பொருந்தவே பொருந்தாது. மாவுச்சத்தைக் கூட்டினால் அது முழுவதும் மறைய இயல்பாகவே அதிக நேரம் ஆகும். அப்போது 'தளப்பொருள் கூடினால் நொதி மெதுவாகிறது' என்று உண்மைக்கு நேர்மாறான முடிவு கிடைக்கும். திட்டமிடல் வினாக்களுக்கான விடைகளில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். முடியும் நேரத்தை அளக்காதீர்கள். தொடக்கத்தில் எவ்வளவு வேகமாக விளைபொருள் தோன்றுகிறது என்பதை அளங்கள்.

நொதியில் நனைத்த வடிதாள் வட்டு பெராக்சைடில் மூழ்கி மேலெழும் நேரத்தை அளக்கும் முறையும் உண்டு. போக்கு என்ன என்பதைக் காட்ட அது போதும். எண்களை வைத்துக் கணக்கிட அது போதாது.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு, புதிதாகத் திறந்த புட்டியாக இருக்கட்டும். திறந்து பல மாதங்கள் கிடந்த புட்டியில் பெராக்சைடு தானாகவே சிதைந்து குறைந்திருக்கும். புட்டியின் மேல் உள்ள எண்ணை நம்ப முடியாது. இதைவிடச் செறிவான கரைசல் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. அது தோலைச் சுடும், நொதியையும் கெடுக்கும்.

உருளைக்கிழங்கு தேக்கா ஈரச்சந்தையில் வாங்கியதானாலும் சரி, பேரங்காடியில் வாங்கியதானாலும் சரி. ஆனால் ஒரே நாளில் முடிக்கும் ஆய்வு முழுவதற்கும் ஒரே சாற்றைப் பயன்படுத்துங்கள். கிழங்குக்குக் கிழங்கு நொதியின் அளவு வேறுபடும்.

பிஎச் 7 பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பிஎச் அளவை, அதாவது அமிலத்தன்மையை, நிலையாக வைத்திருக்கும் கரைசல்) கட்டாயம் வேண்டும். கடையில் விற்கும் பெராக்சைடு கெடாமல் இருப்பதற்காக அதைச் சற்று அமிலத்தன்மையோடு வைத்திருப்பார்கள். தாங்கல் கரைசல் இல்லாமல் பெராக்சைடின் அளவைக் கூட்டினால் அமிலத்தன்மையும் கூடவே ஏறும். பிறகு வேகம் மாறியது செறிவாலா, பிஎச் மாற்றத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கருவிகளில் 100 மி.லி. கூம்புக்குடுவை, இரு துளை கொண்ட ரப்பர் அடைப்பான், வாயு செல்லும் குழாய், 2 மி.லி. சிரிஞ்ச், 50 மி.லி. பியூரெட் (அளவுக்கோடுகள் கொண்ட நீண்ட கண்ணாடிக் குழாய்), நீர் நிரப்பிய தொட்டி, வெப்பமானி, 30 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்திய நீர்த்தொட்டி ஆகியவை வேண்டும். 100 மி.லி. வாயு சிரிஞ்சைவிடப் பியூரெட்டையே நான் விரும்புகிறேன். அதில் 0.1 மி.லி. வரை கோடுகள் உண்டு. இந்த ஆய்வின் கீழ்முனையில், அதாவது மிகக் குறைந்த செறிவில், அரை மி.லி. வாயுவை அளக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். குடுவையை எந்த நிலையிலும் வெளியேறும் வழியின்றி முழுமையாக அடைக்காதீர்கள்; உள்ளே வாயு பெருகிக்கொண்டே இருக்கும்.

3. கொள்ளளவை மாற்றாமல் செறிவை மட்டும் மாற்றுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு குடுவையில் 1 மி.லி. பெராக்சைடும் அடுத்ததில் 2 மி.லி. பெராக்சைடும் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு நொதியைச் சேர்க்கிறார்கள். இதில் மொத்தக் கொள்ளளவு மாறுகிறது. அதனால் நொதியின் செறிவும் மாறிவிடுகிறது. இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்றினால் ஆய்வு அங்கேயே முடிந்துவிட்டது. பெராக்சைடு குறையும் அளவுக்கு நீரைச் சேர்த்து மொத்தத்தை நிலையாக வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் கலவையில் பெராக்சைடும் நீரும் சேர்ந்து 8 மி.லி., தாங்கல் கரைசல் 2 மி.லி., கடைசியில் நொதிச் சாறு 2 மி.லி. ஆக மொத்தம் 12 மி.லி. இந்த எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 3 விழுக்காட்டுக் கரைசலில் 1 மி.லி. எடுத்து 12 மி.லி. ஆக்கினால் இறுதிச் செறிவு சரியாக 0.25 விழுக்காடு. கணக்கு எளிதாகிறது.

பெராக்சைடு 0.5 மி.லி., நீர் 7.5 மி.லி.: இறுதிச் செறிவு 0.125 விழுக்காடு
பெராக்சைடு 1 மி.லி., நீர் 7 மி.லி.: 0.25 விழுக்காடு
பெராக்சைடு 2 மி.லி., நீர் 6 மி.லி.: 0.5 விழுக்காடு
பெராக்சைடு 4 மி.லி., நீர் 4 மி.லி.: 1.0 விழுக்காடு
பெராக்சைடு 6 மி.லி., நீர் 2 மி.லி.: 1.5 விழுக்காடு
பெராக்சைடு 8 மி.லி., நீர் இல்லை: 2.0 விழுக்காடு

வரைபடத்தில் குறிக்க வேண்டியது இந்த இறுதிச் செறிவைத்தான். நொதி சேர்த்த பிறகு நொதி காணும் செறிவு அதுதான். புட்டியில் இருந்த செறிவு அன்று. மோலார் அளவில் வேண்டுமானால் 1 விழுக்காடு என்பது லிட்டருக்குச் சுமார் 0.29 மோல்.

கீழ்முனையில் புள்ளிகள் நெருக்கமாகவும் மேல்முனையில் விலகியும் இருப்பதைக் கவனியுங்கள். வளைகோடு வேகமாகத் திரும்புவது கீழ்ப்பகுதியில்தான். அங்கே புள்ளிகள் இல்லையென்றால் எந்த வளைவையும் வரையலாம், எதையும் மறுக்க முடியாது. சம இடைவெளியில் ஐந்து செறிவுகள் என்று திட்டமிடுவது பார்க்க ஒழுங்காக இருந்தாலும் இந்த ஆய்வுக்கு உதவாது.

இவற்றோடு பெராக்சைடே இல்லாமல் 8 மி.லி. நீர் கொண்ட ஒரு குடுவையையும், 2.0 விழுக்காட்டுப் பெராக்சைடோடு கொதிக்கவைத்து ஆறிய சாறு சேர்த்த ஒரு குடுவையையும் கட்டுப்பாட்டுச் சோதனையாக வையுங்கள். வாயு வருவது நொதியால்தான் என்பதை இவை உறுதிசெய்யும். இன்னொரு பயனும் உண்டு. அது ஆறாம் பகுதியில் வருகிறது.

4. சாற்றை எவ்வளவு நீர்த்துப்போகச் செய்வது

தோல் சீவிய 100 கிராம் உருளைக்கிழங்கை 100 மி.லி. குளிர்ந்த தாங்கல் கரைசலோடு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பனிக்கட்டியில் வையுங்கள். வடிகட்டாத கூழ் நுரைக்கும், சிரிஞ்சை அடைக்கும், ஒவ்வொரு முறையும் வேறு அளவு நொதியைத் தரும்.

அடுத்து முன்னோட்டச் சோதனை. இதைத் தவிர்க்கிறவர்கள்தான் பிற்பகல் முழுவதையும் இழக்கிறார்கள். நொதி மிகுதியாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3 விழுக்காட்டுக் கரைசல் ஒரு மி.லி. முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 10 மி.லி. ஆக்சிஜன் தரும், நம் வெப்பநிலையில் சற்றுக் கூடுதலாக 11 மி.லி. வரை. ஆகவே 0.125 விழுக்காட்டுக் குடுவையில் மொத்தமாகக் கிடைக்கக்கூடியதே சுமார் 5.5 மி.லி. வாயுதான். முதல் பத்து நொடியிலேயே 3 மி.லி. வந்துவிட்டால் தளப்பொருளில் பாதிக்கு மேல் போய்விட்டது. நீங்கள் 0.125 என்று குறிக்கும் புள்ளி உண்மையில் 0.125 இலிருந்து 0.06 வரை சரிந்த ஏதோ ஒன்றின் சராசரி.

எனவே 2.0 விழுக்காட்டுக் குடுவையில் முதல் 30 நொடியில் 2 முதல் 3 மி.லி. வாயு வரும் வரை சாற்றைத் தாங்கல் கரைசலால் நீர்த்துப்போகச் செய்யுங்கள். பிறகு அதே சாற்றை 0.125 விழுக்காட்டுக் குடுவையில் போட்டுப் பாருங்கள். அங்கே முதல் 20 நொடியில் அரை மி.லி. அளவுக்கு வந்தால் நன்று. தளப்பொருளில் 10 விழுக்காட்டுக்கு மேல் தீராத நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும் என்பது விதி. மிகக் குறைந்த செறிவில் வாசிக்கவே சிரமமாக இருந்தால் 20 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அந்தப் புள்ளியைக் கூடுதல் முறை அளந்துவிடுங்கள்.

5. வெப்பநிலை: நம் ஊரில் தனிக் கவனம் வேண்டும்

குளிர்சாதன அறையில் 24 டிகிரி, வெளியே நடைபாதையில் 31 டிகிரி. பெராக்சைடு குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்திருக்கும், சாறு பனிக்கட்டியில் இருக்கும். இவற்றை அப்படியே கலந்தால் ஒவ்வொரு குடுவையும் வேறு வெப்பநிலையில் இயங்கும்.

நீர்த்தொட்டியை 30 டிகிரியில் வையுங்கள். சிங்கப்பூர்ச் சூழலுக்கு அருகில் இருப்பதால் அது எளிதில் நிலைக்கும். பெராக்சைடுக் கலவை கொண்ட குடுவைகள் பத்து நிமிடம் அதில் நிற்கட்டும். சாற்றை முழுவதுமாக வெப்பப்படுத்தாதீர்கள். நேரம் ஆக ஆக நொதி வலுவிழக்கும். ஒவ்வொரு முறையும் தேவையான 2 மி.லி.யை மட்டும் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் தொட்டியில் வையுங்கள். பனிக்கட்டியிலிருந்து நேராக எடுத்துச் சேர்த்தால் 12 மி.லி. கலவையின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி சரியும்.

வினையே வெப்பத்தை வெளியிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2.0 விழுக்காட்டுக் கலவையில் பெராக்சைடு முழுவதும் சிதைந்தால், வெப்பம் வெளியேறாத நிலையில், கலவை சுமார் 14 டிகிரி சூடேறும். 0.125 விழுக்காட்டில் ஒரு டிகிரிகூட ஏறாது. நீண்ட நேரம் அளந்தால் செறிவோடு வெப்பநிலையும் சேர்ந்து ஏறியிருக்கும். முதல் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொண்டால் இந்தக் கவலை ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிக்குள் அடங்கிவிடும்.

6. ஒரு குடுவையை அளக்கும் முறை

பியூரெட்டை நீரால் நிரப்பி, வாயை விரலால் மூடி, தொட்டியில் தலைகீழாக நிறுத்தித் தாங்கியில் பொருத்துங்கள். மூடிய குமிழ் (பியூரெட்டைத் திறந்து மூடும் திருகு) மேலே இருக்கும். குமிழுக்கு அருகில் கோடுகள் இல்லாத பகுதி ஒன்று உண்டு. நீர்மட்டம் அங்கே இருந்தால் முதல் வாசிப்பே எடுக்க முடியாது. குமிழைச் சற்றே திறந்து, மட்டம் கோடுகளுக்குள் இறங்கும் வரை காற்றை உள்ளே விட்டு, மூடிவிடுங்கள்.

குடுவையை அடைப்பானால் இறுக்கி மூடிய பிறகே வாயுக் குழாயைப் பியூரெட்டின் அடியில் செருகுங்கள். முதலில் குழாயைச் செருகிவிட்டுப் பிறகு அடைப்பானை அழுத்தினால் தள்ளப்படும் காற்று பியூரெட்டுக்குள் போய்விடும்.

அடைப்பானின் இரண்டாம் துளையில் உள்ள சிரிஞ்சிலிருந்து 2 மி.லி. சாற்றை ஒரே அழுத்தில் செலுத்திக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். திறந்து ஊற்றி மூடுவதற்குள் முதல் சில நொடிகளின் வாயு தப்பிவிடும். நமக்கு வேண்டியதோ அந்த நொடிகள்தான். செலுத்திய 2 மி.லி. திரவம் 2 மி.லி. காற்றை வெளியே தள்ளும். அது வினையால் வந்த வாயு அன்று. கட்டுப்பாட்டுச் சோதனைகளின் இன்னொரு பயன் இங்கேதான்: அவற்றிலும் இதே 2 மி.லி. தாவல் தெரியும், அதை எல்லா வாசிப்புகளிலிருந்தும் கழித்துவிடலாம்.

குடுவையைக் கையால் பற்றாதீர்கள். உள்ளே இருக்கும் 100 மி.லி. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.3 மி.லி. விரியும். உள்ளங்கைச் சூடு இரண்டு டிகிரி ஏற்றினாலே, கீழ்முனையில் நாம் தேடும் அரை மி.லி.யைவிடப் பெரிய பொய் வாயு கிடைத்துவிடும். கழுத்தைப் பிடிப்பானால் பிடித்து, தொட்டியிலிருந்து எடுக்காமலேயே, ஒரே சீராகச் சுழற்றுங்கள். சுழற்றாவிட்டால் ஆக்சிஜன் கரைசலிலேயே தங்கித் தாமதமாக வெளிவரும்.

ஐந்து நொடிக்கு ஒருமுறை பியூரெட்டை வாசிக்க வேண்டும். கைப்பேசியில் பியூரெட்டும் கடிகாரமும் ஒரே சட்டத்தில் தெரியும்படி காணொளி எடுத்துவிட்டுப் பிறகு நிதானமாக வாசிப்பது நல்லது. ஒரே ஆள் சுழற்றி, வாசித்து, எழுதுவது நடக்காத காரியம்.

குடுவைகளைச் செறிவு வரிசையில் அளக்காதீர்கள். கலைத்துப் போட்ட வரிசையில் அளங்கள். சாறு நேரம் செல்லச் செல்ல வலுவிழக்கும். குறைந்த செறிவில் தொடங்கி உயர்ந்த செறிவில் முடித்தால் அந்த இழப்பு முழுவதும் உயர்ந்த செறிவுகளின் தலையில் விழும். வளைகோடு இருப்பதைவிடச் சீக்கிரம் சமனாவதுபோல் தெரியும். முதலில் அளந்த செறிவைக் கடைசியில் மறுபடியும் அளந்து பாருங்கள். எவ்வளவு இழப்பு என்று நேரடியாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது மூன்று அளவீடுகள் வேண்டும்.

7. தொடக்க வேகத்தை எடுப்பது

ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியாக ஒரு வரைபடம்: கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் வாயுவின் கொள்ளளவு. முதல் சில நொடிகள் கோடு சோம்பலாக எழலாம். ஆக்சிஜன் கரைந்து, குமிழியாகித் திரள எடுக்கும் நேரம் அது, அதை விட்டுவிடுங்கள். அதையடுத்து நேராக ஏறும் பகுதிக்கு அளவுகோலை ஒட்டி வைத்து, அந்தக் கோட்டின் சரிவைக் கணக்கிடுங்கள். அதுவே தொடக்க வேகம்.

ஒரு நிமிடத்தில் வந்த மொத்த வாயுவை அறுபதால் வகுப்பது தொடக்க வேகம் ஆகாது. குறைந்த செறிவில் கோடு சீக்கிரம் வளைந்துவிடுவதால் அந்தச் சராசரி உண்மையைவிடக் குறைவாக வரும்; உயர்ந்த செறிவில் ஏறத்தாழ சரியாக வரும். பிழை எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவில் இல்லாததால் வளைகோட்டின் வடிவமே மாறிவிடும்.

8. இரண்டு வரைபடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இங்கே சறுக்குகிறார்கள்.

ஏழாம் பகுதியில் வரைந்தது விளைபொருளும் நேரமும். அது இறுதியில் சமனாவதற்குக் காரணம் தளப்பொருள் தீர்ந்துபோவது. அங்கே சமன் என்றால் வினை நின்றுவிட்டது, வேகம் பூஜ்ஜியம்.

இப்போது வரையப்போவது தொடக்க வேகமும் தளப்பொருள் செறிவும். ஆறு செறிவுகள், ஆறு சரிவுகள், ஆறு புள்ளிகள். இது சமனாவதற்குக் காரணம் நொதி போதாமல் போவது. இங்கே சமன் என்றால் வினை தன் உச்ச வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. தளப்பொருள் ஏராளமாக இருக்கிறது.

இரண்டும் ஏறிச் சமனாகும் கோடுகள், ஆனால் காரணங்கள் நேர் எதிரானவை. விளக்கம் எழுதத் தொடங்கும் முன் கிடைமட்ட அச்சில் என்ன இருக்கிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். அச்சில் நேரம் இருந்தால் தளப்பொருளைப் பற்றிப் பேசுங்கள். செறிவு இருந்தால் நொதியைப் பற்றிப் பேசுங்கள்.

புள்ளிகளை மென்மையான வளைகோட்டால் இணையுங்கள். அது பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். தளப்பொருள் இல்லாவிட்டால் வேகமும் இல்லை, உங்கள் கட்டுப்பாட்டுச் சோதனையே அதற்குச் சான்று. ஒரு நேர்கோடு, திடீரென ஒரு முனை, பிறகு ஒரு கிடைக்கோடு என்று இரண்டு துண்டாக வரையாதீர்கள். நொதி அப்படித் திடீரென நிரம்புவதில்லை.

9. உச்ச வேகமும் மைக்கேலிஸ் மாறிலியும்

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு இது தேவை.

வளைகோட்டின் சமன்பாடு: வேகம் = (உச்ச வேகம் × செறிவு) ÷ (மைக்கேலிஸ் மாறிலி + செறிவு). செறிவு மைக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக இருக்கும்போது வேகம் உச்சத்தில் சரிபாதி. அதனால்தான் அந்த மாறிலியை வரைபடத்திலிருந்தே வாசிக்க முடிகிறது. ஆனால் உச்ச வேகம் சரியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே.

அது தெரியாமல் போவதுதான் வழக்கம். கணக்குக்காக ஒரு நொதியைக் கற்பனை செய்துகொள்வோம்: உச்ச வேகம் நிமிடத்துக்கு 6 மி.லி., மைக்கேலிஸ் மாறிலி 0.4 விழுக்காடு. நம் ஆறு செறிவுகளிலும் பிழையே இல்லாமல் அளந்தால் கிடைக்கும் வேகங்கள்: 1.43, 2.31, 3.33, 4.29, 4.74, 5.0. கடைசி இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ சமன் என்று கண்ணுக்குத் தோன்றும். ஆகவே உச்ச வேகம் 5 என்று எழுதி, பாதியான 2.5 இல் கோடு வெட்டும் இடத்தை வாசித்தால், மைக்கேலிஸ் மாறிலி 0.29 என்று வரும். உண்மையான மதிப்பு 0.4. அளவீட்டில் ஒரு பிழையும் இல்லாமலேயே விடை கால் பங்குக்கு மேல் தவறிவிட்டது.

ஏனென்றால் இந்த வளைகோடு மிக மெதுவாகவே உச்சத்தை நெருங்கும். மாறிலியைப்போல் 4 மடங்குச் செறிவில் உச்சத்தின் 80 விழுக்காடு, 9 மடங்கில் 90, 19 மடங்கில்தான் 95. கடைசிப் புள்ளியை உச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நல்ல வழி, செறிவை வேகத்தால் வகுத்து வரும் எண்ணைச் செறிவுக்கு எதிரே வரைவது. மேலே உள்ள எண்களுக்கு அது 0.0875, 0.108, 0.15, 0.233, 0.317, 0.40 என்று நேர்கோடாக வரும். ஒன்றைச் சரிவால் வகுத்தால் உச்ச வேகம். செங்குத்து அச்சை வெட்டும் மதிப்பை உச்ச வேகத்தால் பெருக்கினால் மைக்கேலிஸ் மாறிலி. விரிதாளில் சில நிமிட வேலை. செய்து பாருங்கள், 6 உம் 0.4 உம் திரும்பக் கிடைக்கும்.

வேகம், செறிவு இரண்டையும் தலைகீழாக்கி (ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்து) வரையும் லைன்வீவர்-பர்க் வரைபடம் பாடநூல்களில் பரவலாக இருக்கிறது. தேர்வில் கேட்டால் வரையுங்கள். உங்கள் சொந்த அளவீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகத்தில் 0.3 பிழை நேர்ந்தால், உயர்ந்த செறிவில் அதன் தலைகீழ் 0.20 இலிருந்து 0.21 ஆகத்தான் நகரும். குறைந்த செறிவிலோ 0.70 இலிருந்து 0.88 க்குத் தாவும். மிகவும் நம்பத்தகாத புள்ளியே கோட்டை இழுத்துக்கொண்டு போகும்.

10. சமனானது நொதியால்தானா என்று சரிபாருங்கள்

வேகம் சமனாவதுபோல் தெரிவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பியூரெட்டுக்குச் செல்லும் குழாய் குறுகலாக இருக்கலாம், நுரை தடுக்கலாம், சாறு வலுவிழந்திருக்கலாம். ஆகவே 2.0 விழுக்காட்டில் இன்னும் இரண்டு அளவீடுகள்: ஒன்றில் இருமடங்கு நொதிச் செறிவு கொண்ட சாறு, மற்றொன்றில் பாதிச் செறிவு, சேர்ப்பது அதே 2 மி.லி. தான். வேகமும் இருமடங்காகவும் பாதியாகவும் மாறினால், அளந்தது நொதியின் வேகம்தான், கருவியின் எல்லை குறுக்கிடவில்லை. இருமடங்கு நொதிக்கும் வேகம் அசையவில்லை என்றால் குழாயையும் சுழற்றும் முறையையும் பாருங்கள்.

சில நேரம் கடைசிப் புள்ளி முந்தையதைவிடத் தாழ்ந்திருக்கும். அதை அழித்துவிட்டுக் கோட்டை மேலே இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். கேட்டலேஸ் மைக்கேலிஸ் சமன்பாட்டுக்கு முழுமையாகக் கட்டுப்படும் நொதி அன்று. பெராக்சைடு மிகும்போது அதுவே நொதியைச் செயலிழக்கச் செய்யும். மூன்று அளவீடுகளிலும் தாழ்வு வந்தால் அது உண்மையான தாழ்வு. அப்படியே வரைந்து, காரணத்தை எழுதுங்கள்.

11. விளக்கம் எழுதும் வரிசை

முதலில் ஏறும் பகுதி. தளப்பொருள் குறைவாக இருக்கும்போது பல நொதி மூலக்கூறுகளின் கிளர்வு மையங்கள் (தளப்பொருள் வந்து பொருந்தும் இடங்கள்) காலியாக உள்ளன. செறிவைக் கூட்டினால் தளப்பொருளும் கிளர்வு மையமும் பயனுள்ள முறையில் மோதும் வீதம் கூடுகிறது, ஒரு நொடியில் உருவாகும் நொதி-தளப்பொருள் கூட்டமைப்புகள் கூடுகின்றன, வேகம் கூடுகிறது. இங்கே வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரணி தளப்பொருளின் செறிவு.

அடுத்து வளையும் பகுதி, அதன் பிறகு சமனாகும் பகுதி. ஏறத்தாழ எல்லாக் கிளர்வு மையங்களும் எந்நேரமும் நிரம்பியிருக்கின்றன. ஒரு மையம் தன் விளைபொருளை விடுவித்த பிறகே அடுத்த மூலக்கூறை ஏற்க முடியும். இப்போது கட்டுப்படுத்தும் காரணி நொதியின் செறிவு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லா முகப்புகளும் திறந்திருக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். வரிசை நீண்டாலும் ஒரு நிமிடத்தில் கடந்து செல்வோர் எண்ணிக்கை கூடாது. ஆனால் எந்த முகப்பும் ஓய்ந்திருக்கவில்லை, பழுதாகவும் இல்லை.

மதிப்பெண் இழக்கவைக்கும் சொற்றொடர்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. 'நொதி தீர்ந்துவிட்டது' என்று எழுதாதீர்கள். நொதி வினையில் செலவாவதில்லை. 'நொதி இயல்பிழந்தது' என்பது வெப்பத்துக்கும் பிஎச் மாற்றத்துக்கும் உரிய விளக்கம். செறிவு கூடிச் சமனாகும் கோட்டுக்கு அது பொருந்தாது. 'வினை நின்றுவிட்டது' என்றால் நீங்கள் வேறு வரைபடத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். 'மோதல்கள் கூடின' என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் போதாது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கூடின என்பது வேண்டும், ஏனெனில் கேட்கப்படுவது வேகம்.

நொதியின் செயலைத் தடுக்கும் பொருள்களான போட்டித் தடுப்பான், போட்டியற்ற தடுப்பான் பற்றிய வினா வந்தாலும் இதே வரைபடம்தான். போட்டித் தடுப்பான் கிளர்வு மையத்துக்காகத் தளப்பொருளோடு போட்டியிடுவதால், தளப்பொருளை மிகுதியாகக் கூட்டினால் உச்ச வேகம் திரும்பக் கிடைக்கும். மைக்கேலிஸ் மாறிலி மட்டும் உயரும். போட்டியற்ற தடுப்பானில் எவ்வளவு கூட்டினாலும் உச்ச வேகம் தாழ்ந்தே இருக்கும். இரண்டு கோடுகளையும் ஒரே அச்சில் வரையும்போது தடுப்பான் இல்லாத கோட்டை முதலில் வரைந்து பெயரிடுங்கள். போட்டித் தடுப்பானின் கோட்டை அச்சின் வலது ஓரம் வரை நீட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் அது உச்சத்தை நெருங்குகிறதா இல்லையா என்பது திருத்துபவருக்குத் தெரியாது.